முட்டைக்கு வால் போட்டவள்

"இது உங்க கையெழுத்துதானே, மேடம்?"

விமான நிலைய மேலாளர் நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். என் மகன் வயதுகூட இருக்காது அவருக்கு. நான் அவரோடு சண்டை போடத்தான் போயிருந்தேன். பத்து நாளில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வெளியே உட்காரவைத்து, டீ கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை டீயைத் தொடாமல் நேராக உள்ளே போய்விட்டேன்.

சண்டை எதற்கென்றால், தீயணைப்புப் பயிற்சித் திடலில் நிற்கிற பழைய விமானத்துக்காக. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதை வெட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பப் போகிறார்கள். புதுக் கட்டடத்தின் முன்னால் ஒரு புல்வெளி போட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் முதன்முதலாக வந்து இறங்கிய விமானம் இதுதான் என்று தெரிந்தால் அதை அந்தப் புல்வெளியில் வைக்கலாம், இல்லாவிட்டால் வெட்டிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அது எந்த விமானம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் போனேன்.

"என் கையெழுத்துதான். அதுக்கென்ன இப்போ?"

"அப்போ நீங்களே படிச்சுப் பாருங்க. நீங்க நூலகத்துக்குக் குடுத்த நோட்டு இது, கேட்டு நேத்துதான் வாங்கிட்டு வந்தேன். எங்க பழைய பதிவேடெல்லாம் வெள்ளத்துல போச்சு. அந்த விமானக் கம்பெனியே இப்போ கிடையாது. இந்த ஊர்ல இருக்கற ஒரே நம்பகமான ரெக்கார்டு உங்க சங்கத்து நோட்டுதான். உங்களப் பத்தி என்ன சொல்றாங்க தெரியுமா? அந்தம்மா எழுதினா எழுதினதுதான்னு."

படித்தேன். ஆகஸ்ட் பதினாலு. மாலை ஆறு பத்து. கடல் பக்கத்திலிருந்து வந்தது. லேசான மழை. அதற்கப்புறம் விமானத்தின் பதிவு எழுத்துகள் ஐந்து. கடைசி எழுத்து கியூ. ஓரத்தில் என் சுருக்கொப்பம்.

கியூவின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"திடல்ல நிக்கிற விமானம் அந்த வருஷம் மார்ச்லயே பழுதாகி உள்ள போயிடுச்சு, திரும்பப் பறக்கவே இல்ல," என்றார் மேலாளர். "நீங்க ஆகஸ்ட்ல கியூ வந்து இறங்கினதப் பாத்திருக்கீங்க. அப்போ மார்ச்ல உள்ள போனது கியூ இல்ல, அதோட ஜோடி. இந்த ஊருக்கு முதல்ல வந்தது கியூ. அதனால இது அது இல்ல. உங்க நோட்டாலதான் எனக்கு விஷயமே தெளிவாச்சு. ரொம்ப நன்றி மேடம்."

நன்றியாம். நான் எழுதியதை வைத்தே அதை வெட்டப் போகிறார், போதாக்குறைக்கு எனக்கு நன்றி வேறு.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று நாள் முழுக்கப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. டிப்போவின் மொட்டை மாடியில் நின்றால் எதிரே ஓடுபாதை முழுசாகத் தெரியும். வேலை முடிந்ததும் மேலே ஏறிவிடுவேன். அப்புறம் ஒவ்வொருவராகச் சேர்ந்து ஏழு பேர் ஆனோம். வந்து போகிற விமானங்களின் எழுத்துகளைப் பார்த்து, நேரத்தோடு நோட்டில் குறிப்போம். அவ்வளவுதான் சங்கம். பிளேன் எண்ணுகிற பைத்தியங்கள் என்று ஊர் எங்களைச் சொன்னது. சொல்லட்டுமே, எங்கள் பைத்தியத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்கு அவர்கள் வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நான் திரும்பினால் ஏழு வயசுப் பிள்ளைகள் மாதிரி ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

அப்போது எங்கள் ஊருக்கு வந்த பயணிகள் விமானம் ஒரே வகைதான். இரண்டு விசிறி, நாற்பத்தெட்டு இருக்கை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு விமானங்கள் மாறி மாறி வரும். இரண்டுக்கும் முதல் நாலு எழுத்தும் ஒன்றேதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. ஒன்றுக்கு ஓ, இன்னொன்றுக்கு கியூ. கியூ என்பது என்ன, வால் முளைத்த ஓ. அதனால் ஓவுக்கு முட்டை என்றும் கியூவுக்கு வாலு என்றும் பெயர் வைத்தோம். வாலுதான் முதலில் வந்து இறங்கியது. அன்று ஊரே வேலி ஓரம் நின்றது. எங்கள் நோட்டின் முதல் வரி அதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்து விமானத்தைப் பார்ப்பதே ஒரு தனி சுகம். ஏணியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். மழை பெய்தால் நாற்பத்தெட்டு பேருக்கு நாலு குடை. முதல் நாலு பேர் உள்ளே போனதும் ஒருத்தர் அந்தக் குடைகளை அணைத்துக்கொண்டு திரும்ப ஓடி வருவார். ஒரு விமானி இருந்தார், நின்றதும் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்து கைக்குட்டையை உலரப் போடுவார். நாங்கள் கையாட்டினால் அந்தக் கைக்குட்டையை எடுத்து ஆட்டுவார். ஏழு பேருக்கும் அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் விதிகள் இருந்தன. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. சந்தேகம் இருந்தால் எழுதாதே. பொய் எழுதியவர் பெயர் அடிக்கப்படும். அதற்குக் கீழே ஏழு பெயர்கள். அத்தனையும் என் கையெழுத்து. டிப்போ பழக்கம் அப்படியே எனக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. டிப்போவில் இன்னொன்றும் உண்டு. பதிவேட்டில் ஒரு வரியைத் தவறாக அடித்துவிட்டால் கிழிக்கக்கூடாது, மேலே திரும்ப எழுதவும் கூடாது. பக்கத்தில் 'அடித்த வரி செல்லும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட அதை எழுதியதில்லை. நான் அடித்தால் அது அடிக்க வேண்டியதாகத்தான் இருக்கும் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஏழு பேரில் ஒருவர் என் தங்கை புருஷன். விமான நிலைய வாசலுக்கு எதிரே சலூன் வைத்திருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காது. முடி வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "இப்போ வர்றது முட்டை" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் முட்டைதான். வாலுவின் இடது எஞ்சின் வேகம் குறையும்போது, விசில் வராமல் முக்குகிற குக்கர் மாதிரி ஒரு சத்தம் போடுமாம். எனக்கு அது கேட்டதே இல்லை. எனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கிறதே என்று எரிச்சலாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் புதுக் கணக்கு. எங்கள் ஊருக்கு வருகிற எல்லா விமானத்தையும் அந்த வருஷத்துக்குள் கண்ணால் பார்த்துவிட்டால் 'முழுசு' என்போம். ஒன்பது வருஷம் தொடர்ந்து முழுசு வாங்கியவள் நான் ஒருத்திதான். பத்தாவது வருஷம் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாசமும் வாலு வரவில்லை. எங்கோ பழுது பார்க்கப் போயிருந்தது. முட்டைதான் வந்து போனது.

மார்ச்சில் ஒரு காலை. எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டம். ஒரு எஞ்சின் நின்றுபோய், ஒற்றை எஞ்சினோடு ஒரு விமானம் தட்டுத்தடுமாறி இறங்கியது. மொட்டை மாடியில் இருந்த எங்களுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காது அப்போது மருந்துக்கடைக்காரருக்கு ஷேவிங் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் கத்தி ஓடியிருந்தது, பாதியில் சோப்பு நுரை. விட்டுவிட்டு ஓட முடியாமல், நுரையைத் தொட்டுக் கண்ணாடியிலேயே 'வாலு' என்று எழுதி நேரத்தையும் போட்டாராம். அப்புறம் மேலே ஏறி வந்து நோட்டிலும் எழுதினார். ஒளிக்கவில்லை, 'காதால் கேட்டது' என்றே எழுதினார்.

நான் ஸ்கேலை வைத்து அந்த வரியை அடித்தேன்.

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்க்கல அக்கா. ஆனா அந்தச் சத்தம்..."

"சத்தத்துக்கு எழுத்து இருக்கா? பார்க்காதத எழுதறது பொய்தான்."

அதோடு விட்டேனா? முதல் பக்கத்தைத் திருப்பி அவர் பெயரையும் அடித்தேன். மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வரி நின்றால் வாலுவும் அவர் கணக்கில் சேர்ந்து அவருக்கு அந்த வருஷம் முழுசு, எனக்கு இல்லை. அந்த எரிச்சலில்தான் அடித்தேன். விதி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

அவர் படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து முப்பத்துநாலு வருஷம் நாங்கள் பேசியதில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். "உங்க அக்காவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பார் என் தங்கையிடம். "வேண்டாம்னு சொல்லு" என்பேன் நான். நடுவில் அவள்தான் தந்தி ஆபீஸ்.

அந்த விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே எது நிற்கிறது என்று காவல்காரரிடம் கேட்டேன். "பிளேன்" என்றார். வழித்தடமே நின்றுபோனது. இரண்டு வருஷம் கழித்து அது வெளியே வந்தபோது மேலெல்லாம் சிவப்பு அடித்திருந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. தீயணைப்புக்காரர்கள் அதற்குத் தீ வைத்தும் அணைத்தும் பழகியதில் பின்பாதி கரிந்துபோனது. எந்த விமானம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஏனென்றால், நடுவில் ஆகஸ்ட் பதினாலு இருக்கிறது. அன்று கம்பெனியின் மிச்ச சாமான்களை ஏற்றிக்கொண்டு போக ஒரே ஒரு விமானம் வந்தது. அதற்கப்புறம் அந்தக் கம்பெனி விமானம் எதுவும் இந்த ஊருக்கு வரவில்லை. மொட்டை மாடியில் நான் மட்டும்தான். மழைத்தூறல். பைனாகுலரில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. ஓ. முட்டை. கை நோட்டில் பென்சிலால் ஓ என்றுதான் எழுதினேன். வீட்டுக்கு வந்து ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஒரு சின்னக் கோடு. முட்டைக்கு ஒரு வால். பத்தாவது வருஷமும் எனக்கு முழுசு. மறுநாள் சங்கத்து நோட்டில் கியூ என்று அழுத்தமாக எழுதினேன். அடுத்தவர் பெயரை அடித்து அஞ்சு மாசம்கூட முழுசாக ஆகவில்லை.

இதுதான் விஷயம். அந்த நோட்டைத் தேடிப் பிடிப்பார் என்று நினைக்காமல்தான் சண்டைக்குப் போனேன். இங்கே வந்ததே இரண்டு விமானம். ஆகஸ்டில் பறந்தது முட்டை என்றால் மார்ச்சிலிருந்து கொட்டகையில் கிடந்தது வாலு. எங்கள் ஊருக்கு முதலில் வந்த அதே வாலு. நான் வாயைத் திறந்தால் அது பிழைக்கும், எனக்குப் பொய்க்காரி என்ற பெயர் மிஞ்சும். திறக்காவிட்டால் வியாழக்கிழமை அதைத் துண்டு துண்டாக வண்டியில் ஏற்றுவார்கள். என் பொய்யும் அதோடு போய்விடும், யாருக்கும் எப்போதும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மேலாளர் அறையிலிருந்து வாயைத் திறக்காமல்தான் எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். போனால் போகிறது, கரிக்கட்டைதானே என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. அலமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, கை நோட்டுகளை எல்லாம் தரையில் கொட்டி, அந்த ஒன்றைத் தேடி எடுத்தேன். ரப்பர் பேண்டு அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மழை பட்டுப் பென்சில் எழுத்து மங்கிப்போயிருந்தது. பேனாவால் போட்ட வால் மட்டும் இன்றைக்குப் போட்டது போல நீலமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. அடக்க முடியாத கோபமும் வந்தது. இந்தத் தடவை கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலை சலூன் படி ஏறினேன்.

நாற்காலியில் அதே மருந்துக்கடைக்காரர். தினமும் அந்த நேரத்துக்கு அவர்தான். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. காது என்னைக் கண்ணாடியில் பார்த்தார். கத்தி அந்தரத்தில் நின்றது.

"என்ன வேணுமாம்னு கேளுங்க," என்றார் மருந்துக்கடைக்காரரிடம்.

"யோவ், கழுத்துல கத்திய வெச்சுக்கிட்டு என்னை ஏன்யா நடுவுல இழுக்கற? நீயே கேளு."

நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கு மார்ச்ல வந்தது வாலுதான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்கும் ஆகஸ்ட்லேர்ந்து தெரியும்."

அவர் திரும்பினார். நான் கை நோட்டைப் பிரித்து நீட்டினேன். கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முட்டைக்கு வால் போட்டீங்களா?"

"ஆமா."

"என் பேர அடிச்சீங்க. அத்தனை பேர் முன்னாடி, ஸ்கேல் வெச்சு அடிச்சீங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம் இந்த வேலையப் பண்ணினீங்க."

"ஆமா."

"ஆமா ஆமான்னா என்ன அர்த்தம்?" கத்தினார். அலமாரியில் பவுடர் டப்பா அதிர்ந்தது. "முப்பத்துநாலு வருஷமா நான் ஒரு பிளேன்கூட எழுதல. தெனம் இந்த வாசல் வழியாத்தான் எல்லாம் போகுது, வருது. கேக்கும். கேட்டுட்டுப் பேசாம முடிய வெட்டுவேன். நீங்க வந்து ஆமாங்கறீங்க! சண்டையாவது போடுங்களேன்!"

"சண்டை போட என்கிட்ட ஒண்ணும் இல்ல, மாப்பிள்ளை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.  நான் உட்காரவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வெட்டறாங்க. நான் எழுதின பொய்யாலதான் வெட்டறாங்க. நான் போய்ச் சொல்லப் போறேன். ஆனா நான் ஒருத்தி சொன்னா நம்ப மாட்டாங்க. நோட்டுல நீங்க எழுதின வரி இருக்கு. நீங்க வரணும். என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, வந்துட்டுத் திட்டுங்க."

"கெஞ்சறீங்களா?"

"கெஞ்சறேன்."

காது எழுந்தார். சட்டையை மாட்டினார்.

"யோவ், என் பாதி தாடி?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அன்னிக்கு உங்க தாடிக்காகத்தான் நான் போகாம நின்னேன். இன்னிக்குப் போறேன்."

"அப்போ நானும் வரேன். அன்னிக்கு நீ கண்ணாடில எழுதினத நான்தானே பார்த்தேன்."

கழுத்தில் துண்டும் கன்னத்தில் நுரையுமாக அவர் முன்னால் நடந்தார். வாசல் காவலர் எங்களைத் தடுக்கவா சிரிக்கவா என்று தெரியாமல் வழி விட்டுவிட்டார்.

மேலாளர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.  கை நோட்டை வைத்தேன். அவர் ஓவையும் பார்த்தார், வாலையும் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது," என்றார். "அன்னிக்குப் பொய் எழுதினேன்கறீங்க. இன்னிக்குச் சொல்றது உண்மைன்னு நான் எப்படி நம்பறது? அந்த விமானத்துமேல உங்களுக்குப் பாசம். காப்பாத்தறதுக்காக இந்த வாலை நேத்து ராத்திரி உக்காந்து போட்டிருக்கலாமே?"

நியாயமான கேள்விதான். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். முப்பத்துநாலு வருஷம் உண்மைக்காரி என்று நம்பினார்கள். உண்மை பேசத் தொடங்கி அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

"என்னை நம்ப வேணாம்," என்றேன். "நூலகத்து நோட்டுல மார்ச் மாசத்தத் திருப்புங்க. அடிச்ச வரி ஒண்ணு இருக்கும். அதப் படிங்க."

திருப்பினார். தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கோட்டுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "காலை... ஏழு நாப்பது... கியூ. காதால் கேட்டது."

"அது நான் எழுதினது," என்றார் காது. "அத எழுதினதுக்குத்தான் என்னை வெளிய தள்ளினாங்க. ஆகஸ்ட்ல இவங்க பொய் சொல்லப் போறாங்கன்னு மார்ச்லயே தெரிஞ்சு எழுத நான் என்ன ஜோசியக்காரனா?"

"நான் சாட்சி," என்றார் மருந்துக்கடைக்காரர். "அன்னிக்கும் எனக்கு இதே கதிதான்." நுரை காய்ந்து அவர் கன்னம் இழுத்துக்கொண்டிருந்தது.

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். ஜன்னல் வழியாகத் திடலைப் பார்த்தார்.

"சரி. ஆனா எனக்கு எழுத்துல வேணும். தனித்தாள்ல இல்ல, இந்த நோட்டுலயே. இது திரும்ப நூலகத்து மேசைக்குத்தான் போகும். யார் வேணா எடுத்துப் படிப்பாங்க. யோசிச்சுக்குங்க மேடம்."

"யோசிச்சாச்சு. பேனா குடுங்க."

ஆகஸ்ட் பதினாலாம் தேதியை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'நான் பார்த்தது ஓ. முழுசு வாங்குவதற்காகக் கியூ என்று பொய் எழுதினேன்.' முழுக் கையெழுத்துப் போட்டேன்.  அப்புறம் மார்ச் மாசத்துக்குப் போனேன். வாழ்நாளில் எழுதாத அந்த மூன்று சொல்லை எழுதினேன். 'அடித்த வரி செல்லும்.' முதல் பக்கத்தில் காதின் பெயருக்குப் பக்கத்தில் 'அடித்த பெயர் செல்லும்.' இரண்டிலும் கையெழுத்து, தேதி.

மேலாளர் மூன்று பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டார். போனை எடுத்தார். "நாளைக்கு வண்டி வேணாம். ஆமா, வெட்டல. புல்வெளிக்கு நகர்த்தணும், அதுக்கு ஆள் பாருங்க," என்றார். மருந்துக்கடைக்காரர் தொடையில் ஓங்கித் தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, வரட்டும் என்று விட்டேன்.

காது மட்டும் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்தார்.

"பொய் எழுதியவர் பெயர் அடிக்கப்படும்," என்று படித்தார். "யார் எழுதின விதி?"

"நான்தான்."

"இப்போ சங்கத்துல யார் இருக்கா?"

அந்த ஏழு பேரில் நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. "நீங்க இருக்கீங்க," என்றேன்.

"அப்போ நான்தான் அடிக்கணும்." ஸ்கேலை என் பெயருக்கு மேல் வைத்து, சாவகாசமாக, நேராக ஒரு கோடு போட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தப்பு சொல்ல முடியாது, கோடு ஒழுங்காகத்தான் இருந்தது. "இவர் தாடிய முடிச்சுட்டு வரேன். அது வரைக்கும் நீங்க வெளிய."

வெளியேதான் உட்கார்ந்தேன், நடையில் கிடந்த பெஞ்சில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு. எதிர் ஜன்னலில் திடல் தெரிந்தது. சிவப்பு உரிந்து, பின்பாதி கரிந்து, மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு வாலு நின்றது. யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தத் தடவை குடித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து காது வந்தார். சோப்பு வாசனை. பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்து கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திருப்பி, என் பெயருக்குப் பக்கத்தில் நிதானமாக ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்தார்.

"உங்க தங்கச்சி சாப்பிட வரச் சொன்னா," என்றார் நேராக என்னிடம்.

அவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'அடித்த பெயர் செல்லும்.' கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்திருந்தார். பேனா என் கையில்தான் இருந்தது. நான் வைக்கவில்லை.